"அத்தியாவசியப் பணியாளர்" என்று எழுத்தில் கொடு!

(தொழிலாளர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத தோழர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். உங்கள் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.)



இன்னைக்கு நான் பேசப்போறது ஒரே ஒரு காகிதத்தைப் பத்தி. ஒரு பக்கம், பத்து வரி, கீழே ஒரு கையெழுத்து, பக்கத்துல ஒரு முத்திரை. அவ்வளவுதான். "இவர் எங்களிடம் வேலை செய்கிறார், இவர் செய்வது அத்தியாவசியப் பணி" என்று எழுதிக் கொடுக்கும் காகிதம்.

இதுக்கு ஒரு பயிலரங்கமான்னு சில தோழர்கள் நினைக்கலாம். 2020-ஐ ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் 5 மணிக்கு நாடு முழுக்கக் கைதட்டினார்கள். யாருக்கு? மருத்துவர்களுக்கு, செவிலியர்களுக்கு, தூய்மைப் பணியாளர்களுக்கு. இரண்டே நாள். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்தார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். நாலு மணி நேர அவகாசம்.

அந்த நாலு மணி நேரத்தில் பணக்காரர் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினார். ஏழை எங்கே ஓடுவார்? மறுநாள் காலை 5 மணிக்குக் குப்பை வண்டியில் ஏறியே ஆக வேண்டியவர் எங்கே ஓடுவார்?

உள்துறை அமைச்சகம் அன்றைக்கே வெளியிட்ட உத்தரவை எடுத்துப் பாருங்கள். எதெல்லாம் நடக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். மருத்துவமனை, மருந்துக்கடை, ரேஷன் கடை, மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மீன், வங்கி, ஏ.டி.எம்., பத்திரிகை, தொலைத்தொடர்பு, பெட்ரோல் பங்க், சமையல் எரிவாயு, மின்சாரம், குடிநீர், துப்புரவு, குளிர்பதனக் கிடங்கு, தனியார் காவல் பணி, உணவும் மருந்தும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சேவை. நல்ல பட்டியல்தான். குறை சொல்ல ஒண்ணுமில்லை.

ஆனா தோழர்களே, அந்தப் பட்டியலில் இருந்தது தொழிலின் பெயர். ஆளின் பெயர் இல்லை.

பால் அத்தியாவசியம் என்று உத்தரவு சொல்லிவிட்டது. ராத்திரி 2 மணிக்குப் பால் வண்டியில் டப்பா ஏத்துற ஆள்தான் அந்தப் பால் தொழிலாளி என்று சோதனைச் சாவடியில் யார் சொல்வது? மருத்துவமனை அத்தியாவசியம். அந்த மருத்துவமனையில் ஒப்பந்தக்காரர் மூலம் தரை துடைக்கும் அக்காதான் அந்த மருத்துவமனை ஊழியர் என்று யார் சொல்வது?

வேலை கொடுத்தவர் சொல்லணும். அதுவும் எழுத்தில் சொல்லணும். வாயால சொன்னா லத்தி கேக்காது.

நிரந்தர அரசு ஊழியருக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வரலை. கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் துறையின் கடிதம். ஐ.டி. கம்பெனி ஊழியருக்கும் வரலை. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். வந்தது யாருக்கு? மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஓடுற ஒப்பந்தத் தொழிலாளிக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நிற்கிற காவலாளிக்கு. காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குறவருக்கு. மின்கம்பத்தில் ஏறுற ஒப்பந்தத் தொழிலாளிக்கு. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீடு வீடாகப் போகிற அம்மாவுக்கு. அதாவது, எந்த வேலை நின்றால் ஊர் நிற்குமோ, அந்த வேலையைச் செய்கிற ஆள் கையில்தான் காகிதம் இல்லை.

இது சாலையைத் தாண்டுகிற பிரச்சினை மட்டும் என்று நினைச்சுடாதீங்க. அந்தக் காகிதம் நாலு கதவுக்குச் சாவி. ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல் கதவு: பயணம்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வாங்கணும் என்றார்கள். 2020 ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அது நீடித்தது. சென்னையில் புறநகர் ரயில் அக்டோபர் 5-ஆம் தேதி மறுபடி ஓடத் தொடங்கியபோது, அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் இடம். செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வேலைக்கு வர்றவங்க எத்தனை பேர்! ரயில் கண்ணு முன்னாடி போகுது. கையில் காகிதம் இல்லாதவர் ஷேர் ஆட்டோவுக்கும் இரண்டு சக்கர வண்டிப் பெட்ரோலுக்கும் தினக்கூலியில் பாதியைக் கொடுத்தார்.

இரண்டாம் கதவு: சம்பளம்.

மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்குக் காலத்தில் கம்பெனி மூடியிருந்தாலும் தொழிலாளிக்குப் பிடித்தம் இல்லாமல் சம்பளம் தரணும் என்றது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதை விடுங்கள். அது நடைமுறையில் இருந்த நாட்களிலாவது எத்தனை ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தச் சம்பளம் வந்தது? சம்பளப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர் எந்த உத்தரவைக் காட்டி யாரிடம் கேட்பார்? "நீ எங்க ஆளே இல்லையேப்பா" என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க.

மூன்றாம் கதவு: தடுப்பூசி.

2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியது. முதலில் சுகாதாரப் பணியாளர்கள். பிப்ரவரியில் காவல்துறை, உள்ளாட்சி, வருவாய்த்துறை போன்ற முன்களப் பணியாளர்கள். பொதுமக்களுக்கு மார்ச் மாதத்தில்தான், அதுவும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 வயதைக் கடந்த இணைநோய் உள்ளவர்களுக்கும். முன்னுரிமைப் பட்டியலில் பெயரை ஏற்றியது யார்? அவரவர் வேலை செய்கிற நிறுவனமும் துறையும்தான். நிறுவனம் பெயர் அனுப்பினால் ஊசி. அனுப்பாவிட்டால் காத்திரு. இரண்டாம் அலை ஏப்ரல், மே மாதங்களில் வந்தது நினைவிருக்கும். அந்தக் காத்திருப்புக்கு என்ன விலை என்று நம் ஒவ்வொருவர் தெருவுக்கும் தெரியும்.

நான்காம் கதவு: இழப்பீடு. இதைக் கவனமாகக் கேளுங்க, தோழர்களே.

கொரோனா பணியில் உயிரிழக்கும் சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2020 மார்ச் கடைசியில் அறிவித்தது. அதில் ஒப்பந்த ஊழியர், தினக்கூலி, வெளிமுகமை மூலம் வந்தவர் எல்லாரும் உண்டு என்றும் சொன்னது. கேட்க நல்லா இருக்குது இல்லையா? இப்போ விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்கணும் என்று பாருங்கள். இறப்புச் சான்று, பரிசோதனை முடிவு, அடையாளச் சான்று, உறவுமுறைச் சான்று. இதோட இன்னொண்ணு. இறந்தவர் எங்கள் நிறுவனத்தின் ஊழியர் அல்லது எங்களால் பணியில் அமர்த்தப்பட்டவர், நோயாளிகளோடு நேரடித் தொடர்பு வரக்கூடிய பணியில் இருந்தார் என்று அந்த நிறுவனம் தர வேண்டிய சான்றிதழ்.

கவனிச்சீங்களா? இறந்துபோனவருக்காக, அவருடைய மனைவி, அவரை வேலைக்கு வைத்த அதே நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கணும். "என் வீட்டுக்காரர் உங்ககிட்டதான் வேலை பார்த்தார்னு எழுதிக் கொடுங்க" என்று கெஞ்சணும். மருத்துவமனை ஒப்பந்தக்காரரைக் கைகாட்டும். ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார். துணை ஒப்பந்தக்காரரின் செல்போன் அணைந்திருக்கும்.

இ.எஸ்.ஐ. திட்டத்திலும் ஒரு நிவாரணம் 2021-ல் வந்தது. கொரோனாவில் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்கு, அவருடைய சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரை மாதாமாதம் கிடைக்கும். நிபந்தனை என்ன? நோய் உறுதியான நாளுக்குக் குறைந்தது 3 மாதத்துக்கு முன்பே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பெயர் பதிவாகியிருக்கணும். அதற்கு முந்தைய ஓராண்டில் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்கணும். அன்றைக்கு வேலையில் இருந்திருக்கணும்.

பேரிடர் வந்த பிறகு தயாரிக்கிற காகிதத்துக்கு மதிப்பு இல்லை. பேரிடருக்கு முந்தைய தேதி போட்ட காகிதத்துக்குத்தான் மதிப்பு. இதைத்தான் இன்னைக்கு நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகணும்.

பதிவு இல்லாமல் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாடாளுமன்றமே நமக்குக் காட்டியது. 2020 செப்டம்பர் 14. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்று மக்களவையில் கேட்டார்கள். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில் என்ன தெரியுமா? அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. மறுநாள் மாநிலங்களவையில், உயிரிழந்த சுகாதாரப் பணியாளர்களின் விவரமும் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்றார்கள்.

கைதட்டினது மார்ச்சில். கணக்கே இல்லை என்று சொன்னது செப்டம்பரில். நடுவில் ஆறே மாதம்.

இதில் இன்னொரு கொடுமை. 1979-ஆம் ஆண்டிலேயே புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் தரணும், அதில் வேலை இடம், காலம், கூலி எல்லாம் எழுதணும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 40 வருஷம் அந்தப் புத்தகம் எத்தனை பேர் கையில் இருந்தது? அது இருந்திருந்தால் "விவரம் இல்லை" என்று ஓர் அமைச்சகம் எழுதிக் கொடுத்திருக்க முடியுமா?

சரி, ஒரு காகிதம் தானே. ஏன் தர மறுக்கிறார்கள்? காகிதம் ஒரு ரூபாய், பிரிண்ட் இரண்டு ரூபாய். முதலாளிக்கு அதுவா கஷ்டம்?

கஷ்டம் பணத்தில் இல்லை. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் முதல் கேள்வி, "இவர் உங்கள் தொழிலாளி என்பதற்கு என்ன ஆதாரம்?" அத்தியாவசியப் பணியாளர் கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். தொழிலாளியின் பெயர் இருக்கும். தேதி இருக்கும். அதிகாரியின் கையெழுத்து இருக்கும். அந்த ஒரு கடிதம் நாளைக்கு சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும். அதனால்தான் தர மறுக்கிறார்கள். அதனாலேயேதான் நாம் கேட்டு வாங்கணும்.

அரசாங்கத்தின் இரட்டை நாக்கையும் பாருங்கள். தொழிலாளி வேலைநிறுத்தம் என்று சொன்ன மறுநிமிடம் "அத்தியாவசியப் பணி" என்ற சொல் கோட்டைக்கு ஞாபகம் வந்துவிடும். எஸ்மா என்பார்கள், டெஸ்மா என்பார்கள். 2003 ஜூலையில் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் சுமார் 1.70 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தார்கள். போராடும்போது நீ அத்தியாவசியம், தண்டிக்கலாம். உயிரைக் கொடுத்து உழைத்த பிறகு இழப்பீடு கேட்டால் நீ ஒப்பந்தம், தற்காலிகம், வெளிமுகமை, சுய உதவிக் குழு.

சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். கொரோனாவிலும் வெள்ளத்திலும் ஊரைக் கூட்டியவர்கள். அவர்கள் கேட்டதன் அடிப்படை என்ன? நாங்கள் யாருடைய தொழிலாளர்கள் என்று சொல்லுங்கள் என்பதுதான்.

இன்னொரு கேள்வி வரும். கொரோனா முடிஞ்சு போச்சே, இப்போ எதுக்கு இதெல்லாம்?

தோழர்களே, நாம் வாழ்வது புயல் கரையில். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். 2018 நவம்பர் 16 கஜா. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து நாகைக்கும் திருவாரூருக்கும் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் மின்வாரியத் தோழர்கள் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம். அதே மாதம் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் பெருவெள்ளம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் பிறந்தால் நமக்கு இது வரும். வருகிற நாளில், "நீ போகலாம், நீ போகக்கூடாது" என்று யாராவது கயிறு கட்டி நிற்பார்கள். அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நிற்கும்போது கையில் என்ன இருக்கும்? அதுதான் கேள்வி.

இப்போ வேலைக்கு வருவோம். அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்கணும்? பேனா எடுத்துக்கோங்க. ஆன்லைனில் படிக்கிற தோழர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

1. நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அச்சிட்ட தாள். வெள்ளைத்தாளில் எழுதினால் முத்திரை கட்டாயம்.
2. தொழிலாளியின் முழுப் பெயர், புகைப்படம், பணியாளர் எண். புகைப்படத்தின் மேல் பாதி விழும்படி முத்திரை.
3. என்ன வேலை, எந்த இடத்தில், எந்த நேரம். "ஹெல்பர்" என்று மட்டும் எழுத விடாதீங்க. "அரசு மருத்துவமனை வார்டில் துப்புரவுப் பணி, இரவு 10 முதல் காலை 6 வரை" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்க. இரவுப் பணியில் இருப்பவரைத்தான் அதிகம் நிறுத்துவார்கள்.
4. எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறார். இந்த வரியைத்தான் விட்டுவிடப் பார்ப்பார்கள். விடாதீங்க.
5. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும் போதாது. யாருக்காக வேலை நடக்கிறதோ அந்த முதன்மை நிறுவனத்தின் பெயரும், அதன் பொறுப்பாளர் கையெழுத்தும் வேணும். இரண்டு கையெழுத்து.
6. அவசரக் காலத்தில் அரசு உத்தரவு வந்தவுடன், அந்த உத்தரவின் எண், தேதி, நம் வேலை வருகிற பிரிவு ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்துப் புதுக் கடிதம். சாவடியில் நிற்கிற காவலருக்கும் அது வேலையைச் சுலபமாக்கும்.
7. எது வரை செல்லும் என்ற தேதி.
8. கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, கூப்பிட்டால் எடுக்கிற செல்போன் எண்.

அசல் உங்களிடம். நகல் வீட்டில், உங்கள் மனைவியோ கணவரோ, பிள்ளையோ எடுக்கக்கூடிய இடத்தில். ஒரு நகல் சங்கத்தில். ஒரு படம் செல்போனில். ஆனா ஒரு வார்த்தை: அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதீங்க. உங்கள் விவரத்தை எடுத்து வேறு யாராவது போலிக் கடிதம் செய்வார்கள்.

அவசரக் காலம் முடிந்தவுடன் இன்னொரு சான்றிதழ் வாங்கணும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த இடத்தில் பேரிடர்ப் பணி செய்தார் என்று. இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. முதல் கடிதம் உங்களைச் சாவடி தாண்ட வைக்கும். இரண்டாவது சான்றிதழ்தான் ஊக்கத்தொகைக்கும், வேலை நிரந்தரத்துக்கும், எதுவும் ஆகாமல் இருக்கட்டும், ஆகிவிட்டால் இழப்பீட்டுக்கும் பேசும்.

"கேட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களே" என்று உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியுது. நியாயமான பயம். அதனால்தான் தனியா போய்க் கேட்காதீங்க என்கிறேன். சங்கத்தின் பெயரில், எல்லாருடைய பெயர்ப் பட்டியலோடு, ஒரே கடிதமாகக் கொடுங்கள். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு. அவர்கள் பதில் தராவிட்டாலும் அந்தச் சான்றே ஓர் ஆதாரம். நீங்கள் கேட்ட தேதி அதில் பதிந்துவிட்டது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு வேலையில் சேர்ந்த 3 நாளுக்குள் வேலை அட்டை தரணும் என்று பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகளே சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த நான்கு தொகுப்புகளில் நமக்கு ஆயிரம் எதிர்ப்பு உண்டு, அதைத் தெருவில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அதில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 6-ஆவது பிரிவு ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டியது முதலாளியின் கடமை என்கிறது. அவர்கள் கொண்டுவந்த சட்டம்தானே? அதைக் காட்டியே கேளுங்கள்.

மாநகராட்சி, நகராட்சி, மின்வாரியம், அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் ஒப்பந்தத்தில் இருக்கிறீர்களா? தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கவே இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். ஒப்பந்தக்காரர் பெயர் என்ன, எத்தனை தொழிலாளர் என்று கணக்குக் காட்டியிருக்கிறார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டினதற்கு ரசீது எங்கே என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரணும். பல இடங்களில் உங்களுக்குத் தெரியாத உங்கள் பெயரே அந்தப் பட்டியலில் இருக்கும், வேறொரு சம்பளத் தொகையோடு!

முதலாளியே இல்லாத தோழர்கள் என்ன செய்வது? ஆட்டோ ஓட்டுநர், தள்ளுவண்டி வியாபாரி, வீட்டு வேலை செய்யும் அம்மா. இ-ஷ்ரம் தளத்தில் பதியுங்கள், நலவாரிய அட்டையைப் புதுப்பியுங்கள். உணவு விநியோகம் செய்கிற தம்பிகள், செயலியில் உங்கள் கணக்குப் பக்கத்தையும் தினசரி ஆர்டர் கணக்கையும் மாதம் ஒருமுறையாவது படமெடுத்து வையுங்கள். கணக்கை ஒரு நொடியில் முடக்கிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி உங்கள் டி-ஷர்ட் மட்டும்தான்.

எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று: ஒரு 20 ரூபாய் நோட்டு. தேதி, இடம், நேரம், மேற்பார்வையாளர் பெயர், வண்டி எண். தினமும் ஒரு வரி. எழுத வராத தோழருக்குப் பிள்ளை எழுதட்டும். அன்றாடம் எழுதின நோட்டு விசாரணையில் பேசும். ஒரே நாளில் ஒரே மையில் எழுதின நோட்டு பேசாது.

அடுத்து சொல்லப்போறது நம் கட்சித் தோழர்களுக்கு மட்டும். கொஞ்சம் கசக்கும்.

ஊரடங்கில் இ-பாஸைக் காசுக்கு விற்ற தரகர்கள் கைதான செய்தி எல்லாம் படித்தோம். தடுப்பூசிப் பட்டியலிலும் அதுதான் நடந்தது. தகுதியில்லாதவர்கள் முன்களப் பணியாளர் என்று பெயர் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று சொல்லி, 2021 ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய அரசு அந்தப் பிரிவில் புதிய பதிவையே நிறுத்திவிட்டது. இரண்டாம் அலை ஏறுகிற நேரத்தில்! குறுக்கு வழியில் வந்தவர் ஏற்கனவே ஊசி போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்தப்பட்டபோது வெளியே நின்றவர் உண்மையான தொழிலாளி. ஆகவே, நாளை ஓர் அவசரக் காலத்தில் "அண்ணே, ஊருக்குப் போகணும், சங்கத்து லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் போட்டுக் குடுங்க" என்று நம் ஆளே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாவட்டச் செயலாளர் சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஒரு போலிக் கடிதம் நூறு உண்மைக் கடிதத்தின் மதிப்பைக் கெடுக்கும்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

• ஒவ்வொரு உள்ளாட்சியும் அத்தியாவசியப் பணியாளர் பதிவேட்டைப் பேரிடருக்கு முன்பே தயாரித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தம், தினக்கூலி, சுய உதவிக் குழு, வெளிமாநிலத் தொழிலாளர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும்.
• முதன்மை நிறுவனம் கையெழுத்திட மறுத்தால், தொழிலாளர் துறை அதிகாரி விசாரித்து 48 மணி நேரத்தில் தானே அட்டை வழங்க வேண்டும்.
• இழப்பீட்டுக்கு நிறுவனத்தின் சான்று கிடைக்காவிட்டால் வருகைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, பி.எஃப். பதிவு, சக தொழிலாளர் வாக்குமூலம் ஆகியவற்றை ஏற்க வேண்டும். வேலை செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.
• அட்டை வைத்திருக்கும் தொழிலாளியைச் சாவடியில் அடிக்கவோ வண்டியைப் பறிக்கவோ கூடாது என்று காவல்துறைக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும்.
• அத்தியாவசியம் என்று சொல்லி வேலை வாங்கினால் பாதுகாப்புக் கருவி, போக்குவரத்து, காப்பீடு மூன்றும் அதே உத்தரவில் இருக்க வேண்டும்.

இது நடக்கும் வரை பேசுவோம், எழுதுவோம், தேவைப்பட்டால் உட்காருவோம். ஆனால் அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. மழைக்காலம் நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே, இதைப் படிக்கிற தோழர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், அத்தியாவசியப் பணி செய்கிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். காலையில் குப்பை எடுக்க வருகிறவராக இருக்கலாம், உங்கள் அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளியாக இருக்கலாம், உங்கள் சொந்த அம்மாவாகவே இருக்கலாம். "நீங்க யாரிடம் வேலை செய்றீங்க? அதுக்கு எழுத்தில் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோரிக்கைக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். கைதட்டுவதை விட அது பெரிய மரியாதை.

உழைப்பவர் பெயர் பதிவேட்டில் ஏறட்டும்!
அத்தியாவசியம் என்றால் எழுத்தில் கொடு!



#எழுத்தில்_கொடு #அத்தியாவசியப்_பணியாளர்